விடை தெரிந்தும் பேசாத பிள்ளை

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் எட்டாவது படிக்கையில் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். அன்றைக்கு ஒலி பற்றிய பாடம். ‘தோலை இறுக்கினா சத்தம் ஏன்டா மாறுது?’ என்று வாத்தியார் கேட்டார். வகுப்பே முழித்தது. எனக்கு விடை தெரியும். எங்க தாத்தா பறை காய்ச்சும்போது பக்கத்தில் உட்கார்ந்து வைக்கோல் போட்டவன் நான். ஈரம் ஏறின தோல் தொய்ந்துபோய் அமுங்கின குரலில் பேசும். சூட்டில் ஈரம் போனதும் தோல் இறுகும், குரல் ஏறும். இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ‘உனக்கெப்படிடா தெரியும்?’ என்று அடுத்த கேள்வி வரும். அதற்கான பதிலில் என் தெரு இருக்கிறது, என் சாதி இருக்கிறது. வாயை மூடிக்கொண்டேன். வாத்தியார் கணக்கில் நானும் தெரியாதவன்தான்.

பிள்ளையின் மண்டை காலிப் பானை இல்லை என்று கல்வியாளர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிவருகிறார்கள். ஏற்கெனவே தெரிந்ததோடு புதியதை உரசிப் பார்த்துத்தான் பிள்ளை அறிவைக் கட்டிக்கொள்கிறது என்றார் பியாஜே. தனியாகச் செய்ய முடியாததைத் துணையோடு செய்து, அப்புறம் தானே செய்யக் கற்கிறது என்றார் வைகாட்ஸ்கி. ஆசிரியர் போடுவதும் மாணவர் வாங்கி வைத்துக்கொள்வதுமான கல்வியை ‘வங்கிமுறை’ என்று கண்டித்தார் பாவ்லோ ஃப்ரையர். எல்லாம் சரி. ஆனால் உரசிப் பார்க்கப் பேச வேண்டும், தப்பாகப் பேசவும் தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்தை வகுப்பறை எல்லாருக்கும் சமமாகக் கொடுக்கிறதா? அம்பேத்கர் பள்ளியில் தனியாகச் சாக்கில் உட்கார்ந்தார். பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் அவருக்குத் தண்ணீர். இன்று சாக்கு இல்லாத இடத்திலும் மௌனம் இருக்கிறது.

இங்கே ஒரு தோழர் கேட்கலாம்: ‘பிள்ளையோட வீட்டு அனுபவத்திலிருந்து பாடம் நடத்தச் சொல்றீங்களே, இது குலக்கல்வி இல்லையா?’ நியாயமான சந்தேகம். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளை பாதி நேரம் பள்ளியில், மீதி நேரம் அப்பன் தொழிலில். கடும் எதிர்ப்புக்குப் பின் 1954இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. அந்தத் திட்டம் பிள்ளையை அப்பன் தொழிலுக்கே திருப்பி அனுப்பியது. நான் கேட்பது நேரெதிரானது. பறைத்தோலில் ஆரம்பித்த பிள்ளை இழுவிசைக்கும் அதிர்வெண்ணுக்கும் போகணும், அங்கிருந்து பொறியியலுக்கும் போகணும். பறையடிக்கத் திரும்பி வரணும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

கணக்குக்கு வாருங்கள். எங்க அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனால் கூலி நெல்லில் ஓர் உழக்கு குறைந்தாலும் கண்டுபிடித்துவிடும். நாலு உழக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். பின்னம் எங்களுக்குக் கூலித் தகராறு. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதன் பின்னணியில் இருந்ததும் கூலி நெல்லை உயர்த்தக் கேட்ட போராட்டம்தான். அந்தத் தாய்மாரின் பிள்ளைகளுக்கு ‘கணக்கு ஏறாது’ என்கிறார்கள்.

2007-08இல் செயல்வழிக் கற்றல் அரசு ஆரம்பப் பள்ளிகள் முழுக்கப் பரவியது. ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார், பிள்ளை கைக்கெட்டும் உயரத்துக்குக் கரும்பலகை இறங்கியது. அது நல்ல மாற்றம். ஆனாலும் வட்டமாக உட்காரவைத்தால் மட்டும் சாதி எழுந்து போய்விடாது. வட்டத்தில் யார் பேசுகிறார், யார் தலைகுனிகிறார் என்று பார்க்கணும்.

இரவுப் பள்ளி நடத்தும் தோழர்களுக்கு மூன்று விஷயம் சொல்கிறேன். கேள்வி கேட்டதும் கை தூக்கச் சொல்லாதீர்கள். பக்கத்துப் பிள்ளையோடு இரண்டு நிமிஷம் பேசவிடுங்கள். தப்பான விடை வந்தால் ‘எப்படி யோசிச்சே?’ என்று கேளுங்கள். பாடம் தொடங்க வேண்டிய இடம் அங்கேதான் கிடைக்கும். மூன்றாவது முக்கியம்: ‘யார் வீட்டில் பறை இருக்கு?’ என்று எந்தப் பிள்ளையையும் காட்சிப்பொருளாக்காதீர்கள். பறையை நீங்களே கொண்டுபோங்கள். ஈரத்தோடு ஒருதரம், காய்ச்சி ஒருதரம் எல்லாரும் அடித்துப் பார்க்கட்டும். மிருதங்கக்காரர் கல்லால் தட்டிச் சுதி சேர்ப்பதும் இதே இயற்பியல்தான் என்று சொல்லுங்கள். ஒன்றைச் சபையில் வைத்தவன், இன்னொன்றைச் சாவுக்கு அனுப்பியவன் யார் என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

அன்றைக்கு என் வகுப்பில் இப்படி ஒரு பறை இருந்திருந்தால் நான் பேசியிருப்பேன். உங்கள் வகுப்பில் இன்றைக்கும் ஒரு பிள்ளை விடையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். முதலில் அதைத் தேடுங்கள்.