குருதிப் புற்றும் பரம்பரைக் குறிகளும்

ஜெயபுரத்தில் வயல் வேலை முடித்து வீடு திரும்பும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். சில நாட்களாக அவருக்குக் களைப்பு நீங்கவில்லை. பல் துலக்கினால் முரசிலிருந்து இரத்தம் கசிகின்றது. அடிபடாமலே கைகால்களில் கண்டல்கள் தோன்றுகின்றன. முழங்காவிலிலோ கிளிநொச்சியிலோ குருதியைச் சோதித்த வைத்தியர், கடுங் குருதிப் புற்று என ஐயுற்று அவரை மேலிடத்துக்கு அனுப்புகின்றார். வீட்டார் கேட்கும் முதற் கேள்வி, “ஆள் தப்புவாரோ?” என்பதே.

முன்னாளில் நுணுக்குக்காட்டியில் தெரிந்த கலங்களின் வடிவையும் நோயாளியின் வயதையும் கொண்டே இதற்கு விடை கூறினர். ஒரே பெயருடைய நோயில் ஒருவர் பிழைப்பதும் மற்றவர் இறப்பதும் ஏனென்று தெரியவில்லை. 1970களில் அமெரிக்க அறிஞர் ஜனெற் றௌலி, நோய்க்கலங்களில் நிறமூர்த்தங்கள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்வதைக் கண்டார். 8ஆம், 21ஆம் நிறமூர்த்தங்களுக்கிடையே அம்மாற்றம் நிகழ்ந்திருப்பின் நோய் மருந்துக்கு நன்கு இணங்கும் எனப் பின்னர் தெளிந்தது. ரிபி53 என்னும் பரம்பரையலகு பழுதுற்றிருப்பின் நிலை கடினம். வேறு பல குறிகளும் உள. அவற்றைக் கொண்டே, மருந்து போதுமா, பிறர் தரும் என்பு மச்சை வேண்டுமா என்று தீர்மானிக்கின்றனர்.

பரம்பரையலகு என்றதும் நம்மவர் சிலர் கலங்கி, அவ்வீட்டில் சம்பந்தம் செய்யவும் தயங்குவர். அது வீண் அச்சம். இம்மாற்றங்களிற் பெரும்பாலானவை ஒருவரது வாழ்நாளில் அவருடைய மச்சைக் கலங்களில் மட்டும் தோன்றுபவை, மக்களுக்குச் செல்வதில்லை.

குறி என்பது சாதகக் குறிப்பும் அன்று. 15ஆம், 17ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாற்றிக்கொள்ளும் ஒருவகை நோயை 1957இல் நோர்வே வைத்தியர் ஹில்லெஸ்ராட் தனித்த நோயாக விவரித்தபோது, அது சில வாரங்களிற் கொல்லும் கொடுநோயாக இருந்தது. அம்மாற்றத்தால் இளங்கலங்கள் முதிராமல் இடைநடுவில் நின்றுவிடுகின்றன. சங்காயில் வாங் சென்யி குழுவினர் உயிர்ச்சத்து ‘ஏ’யிலிருந்து பெறப்படும் மருந்தைக் கொடுத்து அவற்றை முதிரச் செய்தனர். 1988இல் வெளியான அவர்களது அறிக்கையில், 24 நோயாளிகள் அனைவரிடத்தும் நோய் அடங்கியமை காணப்பட்டது.

நமக்கு அண்மையிலும் ஒரு சான்றுண்டு. விலையுயர்ந்த மருந்துகளை வாங்க இயலாதவர் பலரைக் கண்ட வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள், 1998 முதல் 2004 வரை இந்நோயாளர் 72 பேருக்கு ஆசனிக்கு மூவொட்சைட்டை மட்டுமே கொடுத்தனர். நம் சித்தர்கள் வெள்ளைப் பாஷாணம் என்ற அதே நஞ்சுதான். ஆயினும் அளவறிந்து தூய்மையாக்கி நாளத்தின் வழியே ஏற்றப்பட்டது. வீட்டில் எவரும் பரீட்சிக்கத்தக்கது அன்று. மூன்றாண்டின் பின் உயிர்வாழ்வோர் நூற்றுக்கு ஏறத்தாழ 86 பேர் என மதிப்பிட்டனர். 1957இல் மரணத்தைக் காட்டிய நோயின் குறி, இன்று நல்ல குறிகளின் வரிசையில் வைத்து எண்ணப்படுகின்றது.

ஆயினும் முதற் சில நாட்களே இந்நோயில் பேராபத்தானவை. மூளையில் இரத்தம் கசிந்து நோயாளி இறந்துவிடக்கூடும். பரம்பரைக் குறியின் முடிவு தொலைவிலுள்ள ஆய்வுகூடத்திலிருந்து வரும்வரை காத்திருத்தல் தகாது. கலங்களின் வடிவைக் கண்டு ஐயம் எழுந்த அன்றே உயிர்ச்சத்து ‘ஏ’ வழி மாத்திரையைத் தொடங்குக என்பது உலக நிபுணர்களின் விதி. ஆய்வின் முடிவு வேறாக வந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம்.