நிலத்தின் படத்தை ஊரே வரைக!



கரும்பை இம்மண்ணுக்குக் கொணர்ந்தவர் அதியமானின் முன்னோர் என்று புறநானூற்றின் 99-ஆம் பாட்டில் ஔவையார் குறித்துள்ளார். அவ்வதியமானின் பெயர் தாங்கிய இக்கோட்டையூர் நிற்பதோ வானம் பார்த்த மேட்டுநிலத்தில். தகடூர் நாடு கேழ்வரகும் சாமையும் துவரையும் விளையும் புன்செய் நாடு. கரும்போ நீரை மிகுதியாய்க் குடிக்கும் பயிர். எந்நிலத்தில் எதனை விளைப்பது, எத்துணை நீரை எடுப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் யாவர்?

இன்று அவரவர் ஆழ்துளைக் கிணறே முடிவு செய்கின்றது. ஒருவர் ஐந்நூறு அடி தோண்டினால் அடுத்தவர் ஆயிரம் அடி தோண்டுகின்றார். கற்பாறையினின்று கசியும் புளோரைடு கலந்த நீர் இம்மாவட்டத்துச் சிறார்தம் பற்களைக் கறைப்படுத்திற்று. முதியோர் எலும்பை வளைத்தது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொணர்ந்தது. குடத்துக்கு வழி பிறந்தது, வயலுக்கு அன்று.

இதற்கு ஒரு வழி 1980-களின் இறுதியில் இந்தியச் சிற்றூர்களிலேயே உருப்பெற்றது. மைராடா முதலிய தொண்டு நிறுவனங்கள் அதனை வளர்த்தன. இராபர்ட்டு சேம்பர்சு என்னும் ஆங்கில அறிஞரின் எழுத்தால் அஃது உலகெங்கும் பரவிற்று. முறை மிக எளிது. கோயில் முன்றிலில் ஊரார் கூடுவர். கோலமாவும் செங்கற்பொடியும் கொண்டு தரையில் ஊரின் படத்தை வரைவர். ஓடை எங்கே திரும்புகின்றது, எந்தக் கிணறு மாசியில் வற்றும், எது வைகாசிவரை நிற்கும், ஆடு மேய்ந்த புறம்போக்கை வேலியிட்டு வளைத்தவர் யார் என்பன வெல்லாம் அப்படத்தில் ஏறும். அரசு அளவையர் கையிலுள்ள படத்தில் எல்லைக்கல் இருக்கும், இவை இரா. எழுத்தறியாத மூதாட்டி குச்சியொன்றை எடுத்து அப்படத்தைத் திருத்துவாள். பட்டம் பெற்ற அலுவலர் கைகட்டிக் கேட்பார்.

ஆயினும் ஒன்று. நிலமுடையார் மட்டும் சுற்றி நின்று வரைந்தால், நிலமற்றாரின் விறகும் மேய்ச்சலும் படத்தில் விடுபட்டுப் போகும். சேரியை ஒதுக்கிவிட்டு வரைந்த ஊர்ப்படம் பொய்ப்படமே! ஆதலின் பெண்டிர் தனியே ஒன்றும், கூலியாளர் தனியே ஒன்றும் வரைந்து, பின்னர் மூன்றையும் ஒப்பிடுதல் வேண்டும். பூசல் எழும், எழட்டும். அப்பூசல் கூடத்தில் எழாவிடின் வயல்வரப்பில் எழும்.

வரைந்ததோடு நின்றால் மழை கோலத்தை அழித்துவிடும். மராட்டிய மாநிலத்தில், இன்று அகில்யாநகர் எனப்படும் அகமதுநகர் மாவட்டத்து இவரே பசார் என்னும் ஊரைப் பாருங்கள். அங்குப் பெய்யும் மழை தருமபுரி மழையிற் பாதியளவே. 1989-இற்குப் பின் அவ்வூரார் ஒன்றுகூடிப் பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதைத் தடுத்தனர். கரும்பையும் வாழையையும் விலக்கினர். வெளியார்க்கு நிலம் விற்பதில்லை என்றும் உறுதி பூண்டனர். ஆண்டுதோறும் பெய்த மழையை அளந்து, குடிப்புக்கும் கால்நடைக்கும் ஒதுக்கியது போக எஞ்சிய நீருக்கேற்பவே பயிரிடுகின்றனர். ஓசூர்ச் சாலையும் சேலம் சாலையும் வந்து கூடும் இவ்வதியமான்கோட்டைச் சுற்றுப்புறத்தில், உழுத நிலம் மனைக்கல் நடப்பெறும் இக்காலத்தில், நிலவிற்பனை பற்றிய அம்முடிவு எண்ணிப் பார்க்கத்தக்கது.

முடிவெடுக்க அவை இல்லையோ? உண்டு. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிச் சட்டம் ஊரவைக்கு இடம் தந்துள்ளது. 2015 முதல் ஊராட்சிதோறும் வளர்ச்சித் திட்டம் வகுத்தலும் வேண்டும். 2022-இல் உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச்சு 22-உம் ஊரவை நாளாக அறிவிக்கப்பட்டது. அவை கூடுகின்றது, ஆயின், எழுதி வந்த தீர்மானத்துக்குக் கையெழுத்திடுவதோடு பல விடத்தும் கலைகின்றது.

புரியாத மொழியில் வரும் திட்டத்துக்கு ஊர் எங்ஙனம் விடை சொல்லும்? 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலுமே முதலில் வந்தது. அதனை அட்டவணை மொழிகள் அனைத்திலும் பெயர்க்குமாறு தில்லி உயர்நெறிமன்றம் அவ்வாண்டு சூன் 30-இல் ஆணையிட நேர்ந்தது! மண்ணுக்குரியவன் தன் மண்ணைப் பற்றிய தாளைத் தன் மொழியிற் படிக்க நெறிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

அடுத்த ஊரவை அக்குதோபர் 2 ஆயினும், வேறு நாளாயினும், உழவர் கையில் ஒரு தாளோடு செல்லட்டும்: கிணறுகளின் ஆழம், ஏரியின் பரப்பு, ஆக்கிரமிப்பின் அளவு. எல்லாம் தமிழில், எல்லாம் ஊர்ச்சாவடிச் சுவரில்.