ஆங்கிலத்தில் விலக்கும் குறைவும்

வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞன் ஒருவனை மனக்கண் முன் நிறுத்திப் பார்க்கலாம். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம், ஆங்கிலம், விஞ்ஞானம் ஆகிய மூன்றிலும் அவன் சித்தியெய்தியவன். கணிதத்தில் திறமைச் சித்தியும் பெற்றவன். அப்பெருமையை முதலிலே கூற விரும்பி, 'கணிதத்தைத் தவிர, ஆங்கிலத்திலும் விஞ்ஞானத்திலும் சித்தியெய்தியுள்ளேன்' என்று மனத்துள் தமிழில் ஒரு வாக்கியம் அமைக்கிறான். பின் அதனை ஆங்கிலமாக்கும்பொழுது 'தவிர' வரும் இடத்தில் 'எக்செப்ற்' என்னும் சொல்லைப் பெய்து கடிதத்தை அனுப்பிவிடுகிறான். கடிதத்தைப் படிக்கும் அதிகாரி, இவன் கணிதத்தில் தவறியவன் என்று கொள்கிறார். கணக்கெழுதும் பதவிக்கு அத்தகையவன் எதற்கு? கடிதம் ஒதுக்கப்படுகிறது. தன் ஆங்கிலத்தில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லையே என்று இளைஞன் வியந்துகொண்டிருப்பான்.

பிழை அவனுடைய ஆங்கிலத்தில் தோன்றியதன்று, தமிழிலே தோன்றியது. 'தவிர' என்பது இருபுறமும் பார்க்கும் சொல். 'கந்தனைத் தவிர எல்லாரும் வந்தனர்' என்றால் கந்தன் வரவில்லை. 'கந்தனைத் தவிர இன்னும் மூவர் வந்தனர்' என்றால் கந்தனும் வந்தான், வந்தவர் நால்வர். ஒரே சொல் ஓரிடத்தில் கந்தனை வாயிலுக்கு வெளியே நிறுத்துகிறது. மற்றோரிடத்தில் உள்ளே அமர்த்துகிறது. தமிழர் இதனால் இடர்ப்படுவதில்லை. 'எல்லாரும்', 'இன்னும்' போன்ற பக்கச் சொற்கள் பொருளைக் காட்டிவிடுகின்றன. ஆங்கிலமோ இவ்விரு வேலைக்கும் இரண்டு ஆட்களை வைத்திருக்கிறது. வெளியே நிறுத்துவது 'எக்செப்ற்'; உள்ளே சேர்த்துக்கொண்டு மேலும் கூட்டுவது 'பிசைட்ஸ்'.

மாணவர் இதனை அறிந்துகொள்ளப் புதிய சூத்திரம் எதுவும் வேண்டியதில்லை. 'தவிர' என்னும் சொல்லை எழுதுவதற்கு முன், அதனைத் தமிழிலேயே மாற்றிப் பார்த்தால் போதும். 'நீங்கலாக' என்று மாற்றக்கூடுமாயின் அது 'எக்செப்ற்'. 'மட்டுமன்றி' என்று மாற்றக்கூடுமாயின் அது 'பிசைட்ஸ்'. நம் இளைஞன் 'கணிதத்தில் மட்டுமன்றி' என்று நினைத்திருப்பானாயின் தப்பியிருப்பான். 'அவனைத் தவிர வேறொருவரும் வரவில்லை' என்னும் எதிர்மறை வாக்கியத்தில் மட்டும் இரண்டு சொல்லும் ஏறத்தாழ ஒரே பொருளைத் தரும். அங்கே எதை எழுதினும் குற்றமில்லை. ஆங்கிலேயருக்கும் இருபுறம் பார்க்கும் சொல் ஒன்று உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 'அப்பாற் ஃபுறொம்' என்னும் தொடர் விலக்குவதற்கும் வரும், கூட்டுவதற்கும் வரும். ஆகவே, இந்த மயக்கம் தமிழுக்கு மாத்திரம் உரியதென்று எவரும் குறைகூற வேண்டாம்.

விலக்கிற் சிறிது நுட்பமானது 'எக்செப்ற்' என்பதற்கும் 'எக்செப்ற் ஃபோர்' என்பதற்கும் உள்ள வேறுபாடு. 'இரண்டு கட்டுரைகள் நீங்கலாக எல்லாக் கட்டுரைகளும் நன்று' என்றால், நீக்கப்படுவதும் கட்டுரை, எஞ்சுவதும் கட்டுரை. இங்கே முன்னது போதும். 'எழுத்துப் பிழைகள் நீங்கலாக இக்கட்டுரை நன்று' என்றால், பிழை என்பது கட்டுரைகளில் ஒன்றன்று, இனம் வேறாகிவிட்டது. இங்கே பின்னதே வேண்டும். வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும்போதும் பின்னதையே எழுதுவது நன்று.

'ஆனால்' என்று பிள்ளைகள் முதல் வகுப்பிலேயே கற்கும் 'பற்' என்னும் சிறு சொல்லும் விலக்குப் பொருளில் வரும் என்பது பலருக்கு வியப்பளிக்கும். 'ஓல் பற் திறீ' என்றால் மூவர் நீங்கலாக எல்லாரும். 'லாஸ்ற் பற் வண்' என்றால் கடைசிக்கு முந்தியது. 'நதிங் பற்' என்பதும் 'எனிதிங் பற்' என்பதும் இரட்டைப் பிள்ளைகள்போல் தோன்றும், குணத்தில் நேர்மாறானவை. ஒருவனை முன்னைய தொடரால் மூடன் என்றால், அவன் மூடனே, வேறொன்றுமில்லை. பின்னைய தொடரால் மூடன் என்றால், அவன் வேறு எதுவாகவும் இருக்கலாம், மூடன் மட்டும் அல்லன். பாராட்டுரை எழுதுவோர் இவ்விடத்தில் விழிப்பாயிருப்பது நல்லது.

இச்சொல்லை அடுத்து 'ஹீ' வருமா, 'ஹிம்' வருமா என்று ஆசிரியர்கள் வாதிடுவதுண்டு. பெலிசியா ஹீமன்ஸ் அம்மையார் 1826இல் வெளியிட்ட 'கசபியங்கா' என்னும் பாடலின் தொடக்கத்திலேயே இச்சிக்கல் இருக்கிறது. சில பதிப்புகளில் ஒரு வடிவமும் வேறு சில பதிப்புகளில் மற்றைய வடிவமும் அச்சாகியுள்ளன. அச்சிட்டோரே ஒருமுகப்படாத இடத்தில் மாணவனைத் தண்டிப்பது நியாயமாகாது.

இனிக் குறைவுக்கு வருவோம். 'பியூ', 'எ பியூ' என்னும் இரண்டையும் இலங்கை மாணவர் பலர் ஒன்றாகவே எண்ணுகின்றனர். தமிழில் 'எ' என்பதற்கு நிகரான சுட்டிடைச்சொல் இல்லாமையால், அதனை இருந்தாலும் போனாலும் ஒன்றே என்று விட்டுவிடுகின்றனர். ஆனால், இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு தமிழில் நன்றாகவே உண்டு. 'சிலர் வந்தனர்' என்பதற்கும் 'சிலரே வந்தனர்' என்பதற்கும் உள்ள வேறுபாடுதான் அது. முன்னதில் வந்தவரை எண்ணி மகிழ்கிறோம். பின்னதில் வாராதவரை எண்ணி வருந்துகிறோம். வந்தவர் தொகை இரண்டிலும் பத்தாகவே இருக்கலாம். தொல்காப்பியர் ஏகாரத்துக்குக் கூறிய ஐந்து பொருள்களுள் பிரிநிலையும் ஒன்று. பலரிலிருந்து சிலரைப் பிரித்துத் தனியே நிறுத்தும் அந்த ஏகாரந்தான் இங்கே வேலை செய்கிறது. தமிழ் ஓரெழுத்தைக் கூட்டித் தொகையைச் சுருக்குகிறது. ஆங்கிலம் ஓரெழுத்தை நீக்கிச் சுருக்குகிறது. வழி எதிரெதிரானது என்பதை ஒருமுறை கண்டுகொண்ட மாணவன் பின்பு இவ்விடத்தில் இடறுவதில்லை. இலங்கையிலும் இந்தியாவிலும் பல தலைமுறை மாணவர் கைகளில் இருந்த ரென், மார்ட்டின் என்போரது இலக்கண நூல் இவற்றோடு 'த பியூ' என்னும் மூன்றாவதையும் சேர்த்துக் கூறும். அது, உள்ள சிலவற்றை முழுவதும் குறிப்பது.

எண்ண முடியாத பொருளுக்கு 'லிற்றில்', 'எ லிற்றில்' என்பன இவ்வாறே வரும். நோயாளிக்கு 'எ லிற்றில்' தண்ணீர் கொடுக்கும்படி மருத்துவர் எழுதினால், சிறிது கொடுக்க வேண்டும் என்பது கருத்து. அந்த ஓரெழுத்தை விட்டு எழுதியிருந்தால், தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும்படி சொல்லுகிறார். தாதி அதனைப் பார்த்தெழுதும்போது ஓரெழுத்து விடுபட்டால், தாகத்தால் தவிப்பவன் நோயாளி. 'குவைற் எ பியூ' என்னும் தொடரோ இவை எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும்; அதற்குப் பொருள் 'பலர்' என்பது. இதற்குக் காரணம் கேட்கும் மாணவனுக்கு, வழக்கு என்பதைவிட வேறு விடை சொல்வது அரிது.

'லெஸ்', 'பியூவர்' என்னும் இரண்டைப் பற்றியே ஆசிரியர்களின் சிவப்பு மை மிகுதியாகச் செலவாகிறது. எண்ணக்கூடியவற்றுக்குப் 'பியூவர்', அளக்கக்கூடியவற்றுக்கு 'லெஸ்' என்பது விதி. தமிழில் 'குறைந்த' என்னும் ஒரு சொல்லே இரண்டுக்கும் போதுமாதலின், மாணவர் தடுமாறுதல் இயல்பு. தமிழில் 'தளபாடங்கள்', 'தகவல்கள்', 'அறிவுரைகள்' என்று பன்மையில் வழங்கும் பொருள்களை ஆங்கிலம் எண்ணாப் பொருளாகக் கொள்வதும் தடுமாற்றத்தைப் பெருக்குகிறது. அவற்றுக்கு 'லெஸ்' என்பதே சரி. மேலும், தூரம், காலம், பணம் என்பன எண்ணோடு வந்தாலும் ஒரே அளவாகவே கருதப்படும். பத்து மைலுக்குக் குறைவு, ஐந்நூறு ரூபாய்க்குக் குறைவு என்னும் இடங்களில் 'லெஸ்' எழுதிய மாணவனைத் திருத்தும் ஆசிரியரே திருத்தப்பட வேண்டியவர்.

இவ்விதியின் வரலாறு பலர் எண்ணுவதுபோல் பழமையானதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்பிரட் மன்னன் பெயரால் வழங்கும் மொழிபெயர்ப்பிலேயே 'லெஸ்' என்பதன் பழைய வடிவம் சொற்கள் என்னும் பன்மையோடு வந்துள்ளது. அக்கால ஆங்கிலத்தில் 'சொற்களில் குறைவு' என்று ஆறாம் வேற்றுமைப் பன்மை வரும். வேற்றுமை உருபு காலத்தால் தேய்ந்தபின் 'குறைந்த சொற்கள்' என்பதுபோன்ற தொடர் எஞ்சியது. ரொபேட் பேக்கர் என்பவரே 1770இல், நூறு பேரைச் சொல்லுமிடத்துப் 'பியூவர்' என்பது தமக்கு அழகாகத் தோன்றுகிறது என்று எழுதினார். அது அவருடைய விருப்பம். பின்வந்தோர் அதனைச் சட்டமாக்கிக்கொண்டனர். 2008இல் பிரித்தானியாவின் ரெஸ்கோ அங்காடிகள், பத்துப் பொருள்களும் அதற்குக் குறைவும் வாங்குவோருக்கான வரிசையின் அறிவிப்புப் பலகையில் 'லெஸ்' இருப்பது பற்றி எழுந்த முறைப்பாட்டைத் தீர்க்க, இரண்டு சொல்லையும் விட்டுப் 'பத்து வரை' என்று மாற்றி எழுதுவதாக அறிவித்தன. சண்டையில் இரு கட்சியையும் வெளியேற்றிய தீர்ப்பு அது!

இதனால் விதியைக் கைவிடுவதென்பதில்லை. பரீட்சை எழுதும் மாணவன் அதனைக் கற்கத்தான் வேண்டும். நன்கு கற்றோர் எழுத்தில் அது பேணப்படுகிறது. ஆயினும், 'லெஸ்' என்று எழுதிய மாணவன் கூறவந்தது எவருக்கும் விளங்காமற் போவதில்லை. 'எக்செப்ற்' என்று எழுதியவனோ தன் கருத்துக்கு எதிரானதையே கூறிவிடுகிறான். முன்னவனுக்கு இரண்டு புள்ளி வெட்டிப் பின்னவனைக் கண்டும் காணாமல் விடும் திருத்தமுறை தலைகீழானது. 'மிகக் குறைவு' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'வெறி லெஸ்' என்று எழுதுவது மட்டும் எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று. 'லெஸ்' என்பது ஒப்புமை வடிவம். அதன்முன் 'வெறி' நில்லாது. 'வெறி பியூ' அல்லது 'வெறி லிற்றில்' என்க.

வர்த்தமானி அறிவித்தல்களைப் படிப்போருக்கு இன்னும் ஓரிடம் முக்கியமானது. 'நோ லெஸ் தான் ஐம்பது' என்றால் ஐம்பது பேர் வந்துவிட்டனரே என்னும் வியப்பு. 'நொற் லெஸ் தான் ஐம்பது' என்றால் ஐம்பதுக்குக் குறையக்கூடாது என்னும் எல்லை. வியப்பு பத்திரிகைக்கு உரியது. எல்லை சட்டத்துக்கு உரியது. பதினெட்டு வயதுக்குக் குறையாதவராயும் முப்பது வயதுக்கு மேற்படாதவராயும் இருத்தல் வேண்டும் என்று ஓர் அறிவித்தல் கூறுமாயின், குறித்த நாளில் பதினெட்டு நிறைந்தவன் விண்ணப்பிக்கலாம்; முப்பது நிறைந்தவனும் அன்று விண்ணப்பிக்கலாம். 'முப்பதுக்குக் குறைந்தவர்', அதாவது 'லெஸ் தான் முப்பது' என்றிருந்தால், அன்று முப்பதாவது பிறந்தநாளைக் காண்பவனுக்கு இடமில்லை. அவன் முந்திய நாளைப் பார்த்திருக்க வேண்டும்.