பண்ணைவீட்டு நட்சத்திரம்



திகில் படம் என்றதும் இருட்டும் மழையும் கிறீச்சிடும் கதவும் நினைவுக்கு வரும். 2022இல் வெளிவந்த 'பெர்ள்' படத்தில் பெரும்பகுதி பட்டப்பகலில் நடக்கிறது. சோளக்கொல்லை, நீல வானம், கண்ணைப் பறிக்கும் சிவப்பு; எல்லாம் பழைய ஹாலிவுட் வண்ணப் படங்களின் பளபளப்பு. இயக்கியவர் டை வெஸ்ட். நாயகி மியா கோத், கதை வசனத்திலும் அவருக்குப் பங்குண்டு. கதையைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1918ஆம் ஆண்டு, டெக்சாஸில் ஒரு பண்ணை. முதல் உலகப் போர் நடக்கிறது, ஊரில் இன்ஃப்ளூயன்சா காய்ச்சல். பெர்ளின் கணவன் போர்முனையில். தந்தை கைகால் முடங்கிச் சக்கர நாற்காலியில் கிடக்கிறார். தாய் ரூத், ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவள். பெர்ளுக்கு ஒரே ஆசை, சினிமாவில் ஆட வேண்டும். மாட்டுக் கொட்டகையில் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் முன்னால் ஆடிப் பார்க்கிறாள். அருகிலுள்ள நீர்நிலையில் இருக்கும் முதலைக்கு அவள் வைத்த பெயர் தீடா. அன்றைய ஊமைப்படங்களின் பெரிய நட்சத்திரம் தீடா பாரா. ஆட்டத்தின் நடுவே உள்ளே வந்துவிட்ட ஒரு வாத்தைக் குத்திக் கொன்று, அந்த முதலைக்கே இரையாகப் போடுகிறாள். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நமக்கு விஷயம் புரிந்துவிடுகிறது.

ரூத்தைப் பலர் கொடுமைக்காரத் தாயாக மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பாவுக்கு மருந்து வாங்கக் கொடுத்த காசில் சில்லறை குறைந்ததற்குக் கணக்குக் கேட்பவள்தான். ஆனால் மகளுக்குள் இருப்பதை அந்த வீட்டில் முதலில் கண்டுகொண்டவளும் அவள்தான். உறவுக்காரர்கள் வாசலில் வைத்துவிட்டுப் போன சமைத்த பன்றிக்குட்டியை, பிச்சைச் சோறு வேண்டாமென்று அவள் தொடவிடுவதில்லை. அது திண்ணையிலேயே புழுத்துப் போகிறது. படம் நகர நகர அந்தப் புழுக்களும் பெருகுகின்றன.

ஊரிலுள்ள தேவாலயத்தில் நடனக்காரிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதற்குள் பெர்ள் கொலைகாரி. சிவப்பு உடை உடுத்தி மேடையேறுகிறாள், உயிரைக் கொடுத்து ஆடுகிறாள். வேடிக்கை என்னவென்றால், அவள் ஜெயிக்க வேண்டுமே என்று நாமும் பதறுகிறோம். இன்னும் இளமையான, பொன்னிற முடியுள்ள பெண்தான் தேவை என்று நடுவர்கள் அனுப்பிவிடுகிறார்கள். ஆட்டம் மோசம் என்று சொல்லியிருந்தால் பயிற்சி செய்திருப்பாள். முடியின் நிறத்துக்கு என்ன செய்வது? படத்தில் என்னை மிகவும் பயமுறுத்தியது இந்த இடம்தான். கோடாரி பிறகு வருகிறது.

அதற்கு முன் ஒரு காட்சி. நாத்தனார் மிட்சி பெர்ளை ஆறுதல்படுத்தி, எதிரில் உன் கணவன் இருப்பதாக நினைத்து மனதிலுள்ளதைச் சொல் என்கிறாள். பெர்ள் பேச ஆரம்பிக்கிறாள். கேமரா பல நிமிடங்கள் அவள் முகத்தைவிட்டு அசைவதில்லை. விட்டுப்போன கணவன் மீதுள்ள வெறுப்பு, கருவிலேயே போன குழந்தை, கொலையில் கண்ட இன்பம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஏக்கம்தான்: உலகம் தன்னைப் பார்க்க வேண்டும், நேசிக்க வேண்டும். திரைக்குப் போனால் தனக்குள் இருக்கும் கோளாறு சரியாகிவிடும் என்று அவள் உண்மையாகவே நம்புகிறாள். நெடுநாள் தேடிய ரசிகை இப்போதுதான் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், பாவம் அந்த மிட்சி.

கடைசியில் கணவன் திரும்பி வருகிறான். சாப்பாட்டு மேசையில் அவனுடைய மாமனார் மாமியாரின் பிணங்கள். பெர்ள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கிய பிறகும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. உதடு நடுங்க, கண்ணில் நீர் திரள, பல்லைக் காட்டியபடியே நிற்கிறாள். மியா கோத்தின் நடிப்புக்கு அந்தச் சிரிப்பு ஒன்றே போதும். கொலைக் காட்சிகளில் சிலவற்றைக் குறைத்திருந்தாலும் படம் எதையும் இழந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

ரத்தம் அதிகம், குழந்தைகளோடு பார்க்க வேண்டாம். பார்த்த பிறகு இதே இயக்குநரின் 'எக்ஸ்' படத்தையும் பாருங்கள். 2022இல் இதற்கு முன்பே வந்த படம், ஆனால் கதை நடப்பது 1979இல். அதே பண்ணையில் ஒரு கிழவி இருக்கிறாள். அவள் பெர்ள்தான். ஒப்பனைக்குள் இருப்பவரும் மியா கோத்தேதான்.