வார்டன் போட்ட கையெழுத்து

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் ஆதிதிராவிடர் நல விடுதியில் படிச்சவன். டூரா, ரத்தப் பரிசோதனையா, எதுக்கும் வார்டன்தான் கையெழுத்துப் போடுவார். எங்கப்பாவை யாரும் கேட்டதில்லை. கேட்கணும்னு அவருக்கும் தோணினதில்லை. பிள்ளைக்குச் சோறு போடுற இடமாச்சே! அந்தக் கையெழுத்து எவ்வளவு தூரம் போகும் என்பது கம்மம் விவகாரத்தைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

2009 ஜூலையில், அன்று ஆந்திராவிலிருந்த கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயதுவரையுள்ள சுமார் 14,000 சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். குஜராத்தின் வடோதராவில் சுமார் 10,000 பேர். நடத்தியது பாத் என்ற அமெரிக்க நிறுவனம். கூட நின்றது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது. ஊசி மெர்க், கிளாக்சோ கம்பெனிகளுடையது. உடம்பு யாருடையது? கம்மத்தில் ஆதிவாசிப் பிள்ளைகள் பலருடையது. அதிலும் பலர் விடுதிப் பிள்ளைகள்.

2010 மார்ச்சில் பெண்கள் அமைப்பினர் பத்ராச்சலம் பகுதிக்குப் போய் விசாரித்தார்கள். ஏப்ரலில் அரசு திட்டத்தை நிறுத்தியது. இரண்டு மாநிலங்களிலும் சேர்த்து ஏழு சிறுமிகள் இறந்திருந்தார்கள். பாம்புக்கடி, பூச்சிமருந்து, காய்ச்சல் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றது விசாரணைக் குழு. ஊசிதான் கொன்றது என்று நானும் சொல்ல வரவில்லை. அந்த ஊசி நல்ல ஊசி. நம்ம அம்மாக்களையும் அக்காக்களையும் தின்கிற புற்றுநோயைத் தடுக்கிற ஊசி. அது நம் பிள்ளைகளுக்கும் கிடைக்கவேண்டும். என் கேள்வி வேறு.

2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை வைத்தது. ஆந்திராவில் பார்த்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948 கைநாட்டு. 2,763 படிவங்களில் கையெழுத்து விடுதி வார்டன்களுடையது! பெற்றோருக்குப் பதில் கையெழுத்துப் போடச் சொல்லி அரசே உத்தரவு கொடுத்திருந்தது. ஊசிக்குப் பிறகு பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று ஒழுங்காகக் கவனிக்கவும் ஏற்பாடில்லை. அப்புறம் அது என்ன ஆராய்ச்சி?

கேட்டால், "இது மருந்துச் சோதனையே இல்லை, செயல்விளக்கத் திட்டம்" என்றார்கள். சோதனை என்றால் விதிகள் உண்டு, இழப்பீடு உண்டு. பேரை மாத்தினா விதி போயிடுமா?

இது நம் நாட்டு வியாதி மட்டுமில்லை. நியூயார்க்கில் வில்லோபுரூக் என்று மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான அரசு விடுதி. 1956இல் தொடங்கி அங்கே குழந்தைகளுக்கு வேண்டுமென்றே மஞ்சள்காமாலைக் கிருமியைக் கொடுத்து ஆராய்ந்தார்கள். பெற்றோர் கையெழுத்து இருந்தது. எப்படி வாங்கினது? 1960களில் விடுதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டு, ஆராய்ச்சி வார்டில் மட்டும் இடம் தந்தார்கள். வேறு வழியில்லாதவன் போடுற கையெழுத்து சம்மதமா? அங்கே இடத்தைக் காட்டி வாங்கினார்கள். இங்கே அதுகூட வேண்டியிருக்கவில்லை. பிள்ளை ஏற்கெனவே அவர்கள் கையில்.

பிள்ளையை விடுதிக்கு அனுப்புகிறவர் படிப்புக்காக அனுப்புகிறார். உடம்பை எழுதிக்கொடுத்து அனுப்பவில்லை. வார்டன் அரசாங்கச் சம்பளக்காரர். மேலதிகாரி சொன்னதைத் தட்ட முடியாதவர், பிள்ளைக்காக எப்படி 'முடியாது' என்பார்? 'முடியாது' என்று சொல்ல முடியாதவர் சொல்கிற 'சரி'க்கு மதிப்பில்லை.

2017இல் வந்த ஆராய்ச்சி நெறிமுறைகள், 7 வயதுக்கு மேல் பிள்ளையின் வாய்மொழி இசைவையும், 12க்கு மேல் எழுத்திலான இசைவையும், பெற்றோர் ஒப்புதலோடு சேர்த்துக் கேட்கச் சொல்கின்றன. காகிதத்தில் சரி. விடுதியில் யார் பார்ப்பது? நாம்தான்.

உங்களில் பாதிப்பேர் விடுதி மாணவர்கள். மருத்துவ முகாம் என்று யார் வந்தாலும் கேளுங்கள்: இது சிகிச்சையா, ஆராய்ச்சியா? எங்க வீட்டுக்குச் சொன்னீங்களா, எங்க மொழியில சொன்னீங்களா? ஏதாவது ஆனா யார் பொறுப்பு? வேணாம்னு சொன்னா நாளைக்கும் எனக்குச் சோறு உண்டா? கடைசிக் கேள்வியைச் சத்தமாகக் கேளுங்கள். கம்மத்துப் பிள்ளைகளிடம் அதைக் கேட்டுவைக்க அன்று ஒருவரும் பக்கத்தில் இல்லை.