யாரும் கேட்காத ரீடிங்



பட்டதாரிகளே, திருச்சி சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ் உங்களுக்குப் பழக்கமானது. காவிரிப் பாலம் தாண்டினால் திருவானைக்காவல். 1888 நவம்பர் 7 அன்று இயற்பியலாளர் சி.வி.ராமன் அங்கே, தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். ஊர்க்காரர்கள் என்ற உரிமையில் நாம் பெருமைப்படுகிறோம், தப்பில்லை. ஆனால் அவருடைய சின்ன வயதிலேயே குடும்பம் விசாகப்பட்டினம் போய்விட்டது. அப்பாவுக்கு அங்கே கல்லூரி வேலை. ஆகவே அவர் பிறந்த இடத்தைவிட, அவர் செய்த முதல் ஆய்வுதான் உங்களுக்கு நெருக்கமானது. அதில் பாதியை நீங்களும் செய்திருக்கிறீர்கள்.

ஸ்பெக்ட்ரோமீட்டர், முப்பட்டகத்தின் கோணம். முப்பட்டகத்தின் இரு முகங்களிலும் ஒளி பட்டுத் திரும்பும். டெலஸ்கோப்பை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை திருப்பி, பிளவின் பிம்பத்தைக் குறுக்குக் கம்பியில் நிறுத்தி, வெர்னியரைப் படித்து, வித்தியாசத்தைப் பாதியாக்கினால் 60 டிகிரி. வராவிட்டால் வரவழைக்கத் தெரிந்தவர்களும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள்!

சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவர் ராமனும் இதே கோணத்தைத்தான் அளந்தார். ஒளி மிகச் சாய்வாக விழுந்தபோது பிம்பத்தின் இருபுறமும் மெல்லிய பட்டைகள் தெரிந்தன. விளிம்பு விளைவு, புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் புத்தகத்தில் இருபுறமும் சமம். இங்கே பரப்பை ஒட்டிய பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். கேட்டது கோணம், பட்டைகளுக்கு ஒரு மார்க்கும் கிடையாது.  ஆனாலும் அவர் அவற்றை விடவில்லை.

இன்டர்ன்ஷிப்புக்குப் போகிறவர்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். ஒருநாள் உங்கள் வழிகாட்டி, "நீயே ஒரு சோதனை யோசித்துக்கொண்டு வா" என்பார். உடனே பெரிதாக எதையாவது தேடத் தோன்றும். வேண்டாம். பழைய சோதனையில் உறுத்திய ஒன்றை எடுங்கள். ராமனின் பட்டைகளையே எடுத்துக்கொள்வோம். 'சாய்வுதான் காரணம் என்றால், ஒளி செங்குத்தாக விழும்போது இந்த வேறுபாடு மறைய வேண்டும். சாய்வு கூடக்கூட அது வளர வேண்டும்.' இப்படி ஒரு வாக்கியத்தை, ரீடிங் எடுப்பதற்கு முன்பே தேதி போட்டு எழுதிவையுங்கள். பிறகு சாய்வை மட்டும் மாற்றுங்கள். பிளவின் அகலத்தையும் விளக்கையும் தொடாதீர்கள். எந்த முடிவு வந்தால் உங்கள் எண்ணம் தப்பு என்று ஒப்புக்கொள்வீர்கள்? அதற்குப் பதில் இல்லாவிட்டால் கருவியை ஆன் செய்யாதீர்கள்.

பின்னாளில் கல்கத்தாவிலும் ராமன் குழு இதைத்தான் செய்தது. 1923-ல் அந்தக் குழுவில் இருந்த கே.ஆர்.ராமநாதன் நீரில் ஒரு மங்கலான ஒளியைக் கண்டார். நீரில் அழுக்கு இருக்கும், அதன் ஒளிர்வாக இருக்கும் என்ற சந்தேகம். அழுக்கென்றால் சுத்தம் செய்யச்செய்யக் குறைய வேண்டும். திரவத்தை மறுபடி மறுபடி வடித்துப் பார்த்தார்கள். அந்த ஒளி போகவில்லை. 1928 பிப்ரவரி 28 அன்று அது புதியதொரு விளைவு என்று உறுதியானது. அதைத்தான் இன்று ராமன் விளைவு என்கிறோம். 1930-ல் நோபல் பரிசு. பரிசைத்தான் எல்லோரும் சொல்கிறோம். வடித்த கதையைச் சொல்வதில்லை.

மாணவர் ராமன் அந்தப் பட்டைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரைக்கு வருகிறேன். அதை ஒரு பேராசிரியரிடம் கொடுத்துவிட்டு ராமன் மாதக்கணக்கில் காத்திருந்தார் என்று அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. பதில் வராததால் தானே லண்டனுக்கு அனுப்பினார். 1906 நவம்பரில் 'பிலசாபிகல் மேகஸின்' அதை வெளியிட்டது. வயது பதினெட்டு. கட்டுரையில் அவர் ஒருவர் பெயர் மட்டுமே.

மேடையில் இருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தால் அந்த வாரமே படித்துவிடுங்கள். பட்டதாரிகளே, உங்களுக்கும் ஒன்று: அவர்கள் மறந்துவிட்டால், கூச்சப்படாமல் போய் நினைவுபடுத்துங்கள்.