நேயர்கள் நிமிர்த்திய இசைத்தட்டு



இலக்கியத் தொடரிலே அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டுகளைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நான் தமிழ் கற்பிப்பவன். இசை விமர்சகன் அல்லன். ஆயினும் இன்று நான் சொல்லப்போவது ஒருவகையிற் பதிப்பு வரலாறுதான். ஏடுகளுக்குப் பதிலாக இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல். வானொலி கேட்பவரை நாம் 'நேயர்' என்கிறோம். கேட்பவர், கேட்போர் என்றெல்லாம் சொற்கள் இருக்க, நேயம் உடையவர் என்ற பொருள்படும் சொல்லே நிலைத்துவிட்டது. யார் முதலில் வழங்கினாரோ, நல்ல சொல். காசு கொடுத்து வாங்குபவர் வாடிக்கையாளர். நேயர் அதற்கு மேலே ஒருபடி. இந்த வேறுபாடு ஒரு சிறிய இசைத்தட்டு நிறுவனத்தை எவ்வாறு காப்பாற்றியது என்பதே என் பொருள்.

ஜாஸ் இசை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஓர்லியன்ஸ் நகரின் கறுப்பின மக்களிடையே உருவானது. அதன் உயிர் எழுதிவைத்த மெட்டில் இல்லை. மெட்டை எடுத்துக்கொண்டு கலைஞன் அந்தக் கணத்தில் விரித்துச் செல்வதில் இருக்கிறது. நமது கச்சேரிகளில் மனோதர்மம் என்போமே, அதற்கு நெருங்கிய உறவு. ஆகவே ஒரே பாட்டை ஒரே நாளில் இரண்டு தடவை வாசித்தாலும் இரண்டும் வேறுவேறு படைப்புகள். தட்டில் வெளிவந்தது ஒன்று. பெட்டகத்தில் உறங்குவது மற்றொன்று. தமிழ் படித்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அது பாடபேதம். எந்தப் பாடம் சிறந்தது என்று தீர்ப்பதற்கு முன் எல்லாப் பாடமும் கையில் இருக்க வேண்டும்.

அல்பிரட் லயன் என்பவர் பேர்லினிற் பிறந்து நியூயோர்க்கிற் குடியேறிய யேர்மானியர். 1938 டிசெம்பர் 23 ஆம் திகதி கார்னகி மண்டபத்தில் கறுப்பின இசை பற்றிய நிகழ்ச்சியொன்றைக் கேட்டார். இரண்டு வாரங்களே கழிந்தன; 1939 ஜனவரி 6 ஆம் திகதி, அங்கே வாசித்த பியானோக் கலைஞர்களான அல்பேர்ட் அமன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் இருவரையும் அழைத்து ஒலிப்பதிவு செய்துவிட்டார். 'புளூ நோட்' நிறுவனம் பிறந்த கதை இதுதான். வணிகர் தொடங்கியதல்ல, ஒரு நேயர் தொடங்கியது. அதே ஆண்டில் அவரது இளமைக்கால நண்பர் பிரான்சிஸ் வுல்ப் பேர்லினிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார். ஒலிப்பதிவின்போது அவர் எடுத்த புகைப்படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. ஒலிப்பதிவுக்கு முன் ஒத்திகைக்கும் பணம் கொடுத்தார்கள் என்பது கவனத்திற்குரியது. அக்காலத்துச் சிறு கம்பனிகள் செய்யாத செலவு அது.

1965 இல் நிறுவனம் பெரிய கம்பனியொன்றுக்கு விற்கப்பட்டது. 1967 இல் லயன் ஓய்வு பெற்றார்; வுல்ப் 1971 இல் மறைந்தார். கைமாறிக் கைமாறி, 1980 களின் தொடக்கத்தில் புளூ நோட் ஏறக்குறைய வெறும் பெயராகிவிட்டது. ஒலிநாடாக்கள் பெட்டகத்தில் கிடந்தன.

இங்கேதான் மைக்கல் கஸ்கூனா வருகிறார். இளமையில் வானொலி அறிவிப்பாளராக இருந்தவர். இசைக்கலைஞர்களைச் சந்திக்கும்போதெல்லாம், 'நீங்கள் ஒலிப்பதிவு செய்து வெளிவராமற் போனவை எவை?' என்று கேட்டுக் கேட்டுக் குறிப்பேடொன்றில் எழுதி வைத்துக்கொண்டார். கம்பனியில் அப்போது பணியாற்றிய சார்லி லூரியின் உதவியால் 1975 இல் அந்தப் பெட்டகத்தினுள் நுழைய வழி கிடைத்தது. உள்ளே போனவரின் கையிலிருந்த வழிகாட்டி அந்தக் குறிப்பேடுதான்! ஏடு தேடி ஊரூராய் அலைந்த நம்மவர் நினைவுக்கு வருகிறார்கள் அல்லவா?

அவர் கண்டெடுத்தவற்றுள் தெலோனியஸ் மொங்க் என்ற பியானோ மேதையின் வெளிவராத பதிவுகளும் இருந்தன. ஏறத்தாழ அரை மணி நேரம். ஒரு தட்டுக்கும் போதாது. அப்படியானால் 1947 முதல் 1952 வரை மொங்க் புளூ நோட்டுக்காகச் செய்த எல்லாவற்றையும், பாடபேதங்களோடு, கால ஒழுங்கில் ஒரே தொகுப்பாக்கினால் என்ன? புளூ நோட்டைப் புதுப்பிக்கும் திட்டத்தோடு இந்த யோசனையையும் கஸ்கூனாவும் லூரியும் உரிமையுடைய கம்பனியிடம் கொண்டுபோனார்கள். கம்பனி அசையவில்லை. பின்பு தாமே 'மொசாயிக்' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, அத்தொகுப்பை 1983 இல் நான்கு தட்டுகளாக வெளியிட்டார்கள். பல நிறக் கற்களைப் பதித்துச் செய்யும் சித்திரத்துக்கு மொசாயிக் என்று பெயர். பொருத்தமான பெயர்தான்.

இவர்களின் வியாபார முறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னால் வந்த மீட்சியின் வேர் அங்கேதான் உள்ளது. பழைய பதிவுகளுக்கு உரிமையுடைய பெரிய கம்பனிகளிடமிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மட்டும் அனுமதி பெறுவார்கள். சில ஆயிரம் பிரதிகள், அவ்வளவுதான். பெரிய கம்பனிக்கு அது கொசுறு. சிறிய கம்பனிக்கு அது சீவியம். ஒவ்வொரு பெட்டியிலும் வரிசை எண் இருக்கும். கடைகளில் விற்பதில்லை, தபாலில் மட்டுமே. உள்ளே பெரிய நூலொன்று: யார் எந்தக் கருவி வாசித்தார், எந்தத் திகதி, எத்தனையாவது பதிவு என்ற விபரங்கள், ஒரு அறிஞரின் நீண்ட கட்டுரை, வுல்ப் போன்றோரின் படங்கள். கொழும்பில் நண்பர் ஒருவர் வீட்டில் அப்படியொரு கறுப்புப் பெட்டியைக் கையிலெடுத்துப் பார்த்திருக்கிறேன். நல்ல பதிப்பாசிரியர் ஒருவரின் முன்னுரையும் அடிக்குறிப்பும் போலவே இருந்தது.

தபாலில் விற்பதால் இன்னொன்று நேர்ந்தது. வாங்குபவர் ஒவ்வொருவரையும் பெயரும் முகவரியுமாக நிறுவனத்துக்குத் தெரியும். கடையில் வாங்கிப் போகிறவரின் முகம் கம்பனிக்குத் தெரியாது; இங்கே அப்படியல்ல. விற்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவே கடிதப் போக்குவரத்து இருந்தது.

1985 இல் அந்தப் பெரிய கம்பனிக்கே புத்தி வந்தது. புரூஸ் லண்ட்வாலின் பொறுப்பில் புளூ நோட் மீண்டும் உயிர்பெற்றது. அவ்வாண்டு பெப்ரவரி 22 இல் நியூயோர்க்கில் நடந்த தொடக்க விழாவுக்கு முதிய அல்பிரட் லயனும் வந்திருந்தார். இரண்டு ஆண்டுகளில் காலமானார். தன் பிள்ளை எழுந்து நடப்பதைக் கண்டுவிட்டே போனார்.

மொசாயிக் தன் வழியே சென்றது. 1990 இல் அது வெளியிட்ட தொகுப்பொன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. டீன் பெனடெட்டி என்றொருவர். தாமும் சாக்சபோன் வாசிப்பவர். சார்லி பாக்கரின் வாசிப்பில் பித்துக்கொண்டு, 1947, 1948 ஆம் ஆண்டுகளில் அவர் வாசித்த விடுதிகளுக்கு ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து சென்றார். பாக்கர் வாசிக்கத் தொடங்கினாற் பதிவு ஓடும். மற்றவர் வாசித்தால் நின்றுவிடும்! 1957 இல் பெனடெட்டி இறந்தார். பதிவுகள் தொலைந்தன என்றே பலர் நம்பியிருந்தனர். அவரது சகோதரரிடம் அவை இருந்தன. பில் ஷாப் என்ற வானொலியாளரின் உழைப்பில் ஏழு குறுந்தட்டுகளாயின. என் அபிப்பிராயத்தைச் சொல்வதானால், புதிதாகக் கேட்பவருக்கு அது சுவைக்காது. தொடக்கமும் முடிவும் அற்ற துண்டுகள், இரைச்சல். ஆனால் பாக்கரை அறிந்தவருக்கு அது சிதைந்த ஏட்டிலே கிடைத்த புதுச் செய்யுள்.

சார்லி லூரி 2000 ஆம் ஆண்டின் கடைசி நாளில் மறைந்தார். பின்னர் காலமும் மாறிற்று. குறுந்தட்டு வாங்குவோர் குறைந்தனர். மாதச் சந்தா கட்டினால் உலகத்துப் பாட்டெல்லாம் இணையத்தில் வந்தது. ஆனால் யார் வாசித்தார், எப்போது வாசித்தார் என்ற விபரம் அங்கே பெரும்பாலும் இல்லை. தலைப்பும் ஆசிரியர் பெயரும் கிழிந்த புத்தகம் போல! எப்படியாயினும் மொசாயிக் தள்ளாடியது. 2017 இல் கஸ்கூனாவும் அவரது நெடுநாள் துணைவர் ஸ்கொட் வென்செலும் ஒரு காரியம் செய்தார்கள். தமது நேயர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நிலைமை இது, தொடர்வது ஐயம், இயன்றவர்கள் ஒரு தொகுப்பையேனும் வாங்குங்கள் என்பதே அதன் சாரம். மறைப்பில்லை, விளம்பர மினுக்கில்லை.

வியாபாரத்தில் இது ஆபத்தான செயல். மூழ்கும் கப்பல் என்று தெரிந்தால் முதலில் இறங்குபவர் வாடிக்கையாளரே. இங்கே நேயர்கள் ஏறினார்கள். வாங்கினார்கள், பிறருக்கும் சொன்னார்கள். நிறுவனம் மூடப்படவில்லை. முப்பத்துநான்கு ஆண்டுகள் முகவரி அறிந்து, எண்ணிட்டு அனுப்பிய பெட்டிகளின் பலன் அது. புதிதாகத் தொடங்கியவர் எவரும் அப்படியொரு கடிதத்தை எழுதிப் பயன் கண்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆறேழு தட்டுகள் கொண்ட பெட்டி நூறு டொலருக்கு மேல். பிரதிகள் தீர்ந்தாற் பழைய சந்தையில் விலை இன்னும் ஏறும். சம்பளத்தில் வாழும் ஓர் ஆசிரியனால், அதுவும் நமது நாட்டில், நினைத்தும் பார்க்க இயலாது. இயன்றவரின் நேயத்தாற் பிழைத்த நிறுவனம் இயலாத நேயரை வெளியே நிறுத்துகிறது. மலிவாகக் கொடுத்திருந்தால் நிறுவனமே இருந்திராது என்பதும் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவே எனக்கு வழி தோன்றவில்லை. நூல்நிலையங்கள் வாங்கி வைத்தால் ஓரளவு சரியாகும்.

கடிதம் எழுதிய மறு ஆண்டு, 2018 இல், மொசாயிக் வெளியிட்ட ஆறு தட்டுத் தொகுப்பு வானொலி அன்பர்களுக்கு இனிப்பான செய்தி. பில் சேவரி என்ற ஒலிப்பதிவுப் பொறியியலாளர் 1930 களின் பிற்பகுதியில் வானொலியில் ஒலித்த ஜாஸ் நிகழ்ச்சிகளைப் பெரிய தட்டுகளிற் பதிந்து வைத்திருந்தார். கடையில் விற்ற தட்டு மூன்று நிமிடத்தோடு முடியும். அவரது தட்டில் கலைஞன் ஆற அமர வாசித்தது முழுதாக இருக்கும். கோல்மன் ஹோக்கின்ஸ் 1939 ஒக்டோபரில் 'பொடி அன்ட் சோல்' என்ற பாட்டைப் பதிந்து புகழ்பெற்றார். அதனையே அடுத்த ஆண்டு வானொலியில் வாசித்தபோது ஏறத்தாழ இருமடங்கு நீளம் விரித்திருக்கிறார்! சேவரி 2004 இல் இறக்கும்வரை அவை பெட்டிகளிற் கிடந்தன. 2010 இல் ஹார்லெமிலுள்ள தேசிய ஜாஸ் அருங்காட்சியகம் அவற்றைப் பெற்றது.

பின்பு 2019 இல் ஹாங்க் மோப்லி, 2021 இல் லூயி ஆம்ஸ்ட்ரோங் என்று தொகுப்புகள் தொடர்ந்தன. கஸ்கூனா 2024 ஏப்ரலில் தமது எழுபத்தைந்தாவது வயதிற் காலமானார். இரங்கல் எழுதியோர் பலரும், பெட்டகங்களிலிருந்து அவர் மீட்டுத் தந்த இசையையே முதலில் நினைவுகூர்ந்தார்கள். எனக்கு அந்தக் குறிப்பேடே கண்முன் நிற்கிறது.